நாலு நாள் முந்திய சூரியன்

தோஞ்சக், கீழூர்
26 ஏப்ரல் 1993

மகள் யாங்டோலுக்கு,

முதலில் என் பின்புறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நேற்றிலிருந்து உங்கள் மேலூரில் அதைத் தவிர வேறு பேச்சு இருக்காது என்று தெரியும். புண் ஒன்றும் இல்லை. கோஞ்சாவில்தான் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. என்னிடம் இருக்கும் ஒரே கம்பளி அங்கி அது. அந்தத் துண்டு இன்னும் மடைப் பாறையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். உன் அம்மா போனபிறகு இந்த வீட்டில் ஊசி நூல் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். மேலூர் மடையை அடைக்கும்போது மேலூர்க்காரர் ஒருவராவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். விடிந்ததும் போய் உட்கார்ந்தேன். பாறை ஈரமாக இருந்தது. ஏப்ரல் கடைசி, ஈரம் ஈரமாகவே இருக்கும் என்று நம்பினேன். உங்கள் ஆட்கள் சாவகாசமாக வந்து சேர்ந்தார்கள். எழுந்து நின்று, நீர்க்காவல்காரனுக்குரிய மிடுக்கோடு இரண்டு வார்த்தை பேசலாம் என்று பார்த்தால் பாறை என்னை விடவில்லை. உறைந்து போயிருக்கிறது.

உன் மாமியார் டிஸ்கித் என்ன சொன்னார் என்று நீயும் கேட்டாய்.

"என்ன சம்பந்தி, மடையை அடைக்க வந்தீங்களா, இல்ல நீங்களே அடைப்பா உக்காந்துட்டீங்களா?"

பிறகு கெண்டியிலிருந்த வெண்ணெய்த் தேநீரை என் பின்னால் ஊற்றி என்னை விடுவித்தார். நல்ல தேநீர். குடிக்கக் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் செய்தது வேலை. 24ஆம் தேதி மாலை ஸ்தூபி பக்கத்தில் இரண்டு ஊரும் நின்று பார்த்தோம். மேற்கு முகட்டில் கல் அடுக்கிக் கட்டிய சூரியக் கூம்பின் உச்சிக்கல்லுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. அந்த நாள் வரை ஓடை உங்களுக்கு, மறுநாள் விடிந்தால் எங்களுக்கு. இது நான் எழுதிய சட்டம் இல்லை. இந்த வருஷம் பனியே விழாததும், குளிர் போகாமல் மேலே ஐஸ் இருபத்திரண்டாம் தேதி வரை இளகாததும், உங்கள் வயலுக்கு ஒரு சொட்டு வருவதற்குள் நாள் வந்துவிட்டதும் என் குற்றமா? எங்கள் ஊரில் நீர்க்காவலுக்குப் பெயரெழுதிக் குலுக்கியபோது என் பெயர் வந்தது, அதுதான் என் குற்றம்.

நீ மண்வெட்டியோடு வயல் ஓரத்தில் நின்றாய். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

கீழூருக்கு இனித் தீயும் நீரும் கொடுப்பதில்லை என்று உங்கள் ஊர் முடிவு செய்துவிட்டதாமே. ஒருவர் வீட்டில் ஒருவர் தேநீர் குடிக்கக்கூடாது, அடுப்புக்குத் தணல் வாங்கக்கூடாது, வாசலில் நின்று பேசக்கூடாது. ஆகவே இதை வாத்தியார் ரோஷன் லாலிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில் உங்கள் பள்ளி, மதியம் எங்கள் பள்ளி. ஜம்முக்காரர், எந்த ஊருக்கும் பகையில்லை, குளிருக்கு மட்டும்தான் பகை.

உன் அப்பன்
தோந்துப்


புலுங், மேலூர்
28 ஏப்ரல்

அபாலேவுக்கு ஜூலே.

அப்பா என்பதால் வணக்கம் சொல்லியாயிற்று. துணி கிடைத்தது. கத்தியால் சுரண்டி எடுத்தேன். தைத்துத் தரப்போவதில்லை. வைத்திருக்கிறேன்.

ஊரே அதைத்தான் பேசிச் சிரிக்கும் என்பதுபோல் எழுதியிருந்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அதை எழுதவில்லையே.

கீழே உங்களுக்கு மே இருபதுவரை விதைக்கலாம். எங்களுக்கு மே பத்தைத் தாண்டினால் செப்டம்பர் பனிக்குள் பார்லி முற்றாது. பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட வேண்டியதுதான். அதனால்தானே முதல் நீர் எங்களுக்கு என்று வைத்தார்கள்? இது உங்களுக்குத் தெரியாததா? நான் கல்யாணம் ஆகி வரும்போது இதைச் சொல்லித்தானே பயமுறுத்தினீர்கள், "மேல போற, அங்க கோடை ஒரு விரல்கடை அளவுதான் இருக்கும்" என்று?

வயலில் ஏர் வைத்தால் புழுதி எழும்புகிறது. ஈரம் காட்டாமல் உழ முடியாது. வானத்தைத் தேய்த்துக் கழுவி வைத்தது போல் ஒரு மேகம் இல்லை. காலையில் வாளியில் ஐஸ், மதியம் இரண்டு மணி நேரம் ஓடை சலசலக்கும், நாலு மணிக்கு மறுபடி வாயை மூடிக்கொள்ளும். அந்த இரண்டு மணி நேரமும் எங்கள் வயலை உரசிக்கொண்டு உங்களிடம்தான் ஓடிவருகிறது. காதில் விழுகிறது, தொடக்கூடாது. புல் முளைக்கவில்லை. ஆடுகள் வில்லோ மரப்பட்டையைக் கடிக்கின்றன. குட்டி போட்ட ஆட்டுக்குப் பால் இல்லை.

விதைக்க முடியாவிட்டால் பத்தாம் தேதிக்கு மேல் கணவாயில் ரோடு வேலைக்குப் போவதாக உங்கள் மருமகன் ஜிக்மெத் சொல்கிறார். அவர் போனால் நானும் போவேன். தோந்துப் மகள் தார் டிரம் பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைக்கிறாள் என்று யாராவது வந்து உங்களிடம் சொல்வார்கள்.

இன்னொன்று. வாத்தியார் அறைச் சுவரில் காலண்டர்கள் தொங்குகின்றன. சூரியக் கூம்பு நாளன்று பிள்ளைகள் வருவதில்லை, அதனால் 'விடுமுறை' என்று வட்டம் போட்டு வைப்பாராம். போன மூன்று வருஷமும் ஏப்ரல் 28. இந்த வருஷம் 24. குளிரால் எல்லாம் தாமதம். மொட்டு தாமதம், புல் தாமதம், வாலாட்டிக் குருவிகூட இன்னும் வரவில்லை. சூரியன் மட்டும் நாலு நாள் முந்தி வந்துவிட்டதா? சூரியனுக்குக் குளிருமா அபாலே?

யாங்டோல்


தோஞ்சக்
29 ஏப்ரல்

யாங்டோலுக்கு,

ரோஷன் லால் கணக்கு வாத்தியார் இல்லை, இந்தி வாத்தியார். இதை முதலில் மனதில் வை.

உன் கடிதம் வந்ததிலிருந்து உட்கார முடியவில்லை. பாறையால் அல்ல. காலையில் வாய்க்கால் கரையோடு நடந்தேன், வேலை இருந்தது. திரும்பி வந்து மறுபடி நடந்தேன், வேலை இல்லை. காற்று பல்லுக்குள் மண்ணைக் கொண்டுவந்து வைக்கிறது. ஆப்ரிகாட் மொட்டு இரண்டு கிளையில் விரிந்தது, முந்தாநாள் உறைபனியில் டீத்தூள் நிறத்துக்குக் கருகிவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எங்கள் வயல்கள் நனைகின்றன அல்லவா.

கோபா நேற்று பத்துப் பேர் முன்னால் என் தோளைத் தட்டினார். ஊர்த்தலைவர் தட்டினால் சும்மாவா.

"சொந்தப் பொண்ணு நிக்கிறான்னு பாக்காம மடையை அடைச்சியே தோந்துப்! இந்த வருஷம்தான் நமக்கு முதுகெலும்பு உள்ள காவல் கிடைச்சிருக்கு."

"முதுகெலும்பு இருக்கு கோபா-லே, அதுக்குக் கீழதான் ஓட்டை" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன அக்டோபர் நினைவிருக்கிறதா? நம் ஸோமோ மாடு மூன்று நாள் காணாமல் போயிற்று. அதைத் தேடி மேற்கு முகட்டுக்குப் போனேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேனே. அன்று அங்கே

வாத்தியார் வந்துவிட்டார், கிளம்ப வேண்டுமாம், மூக்கு உறைகிறதாம். மிச்சம் பிறகு.

தோந்துப்


புலுங்
30 ஏப்ரல்

அபாலே,

வாத்தியாரைக் கேட்டேன். உங்கள் வீட்டில் அரைமணி நேரம் அடுப்பருகே உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தாராம். "அவசரமா? எனக்கா? உங்க அப்பாதான் பேனாவை மூடி வெச்சிட்டு ஓட்டையைத் தைக்கிறேன்னு உக்காந்தாரு, ஊசியே இல்ல" என்கிறார்.

ஸோமோ என்ன செய்தது?

இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. ஜிக்மெத் ரோடு மேஸ்திரியிடம் பெயர் கொடுக்க நாளை இறங்குகிறார். உங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். கும்பிட வேண்டாம், உங்களைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். ஊர்க்கட்டுப்பாடு.

யாங்டோல்


தோஞ்சக்
2 மே

யாங்டோலுக்கு,

ஸோமோ என்ன செய்தது என்று கேட்டாய். சொறிந்துகொண்டது.

அக்டோபரில் நான் முகடு ஏறிப் பார்த்தபோது அது சூரியக் கூம்பின் மேல் கழுத்தை வைத்து, கண்ணை மூடி, சுகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் "ஹோய்!" என்றேன். அது திடுக்கிட்டு ஒரு முட்டு முட்டியது. ஆள் உயரக் கூம்பு, எத்தனை தலைமுறைக் கல்லோ, தெற்குச் சரிவில் உருண்டது. பனிக்காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. கல்லை எல்லாம் மேலே சுமந்துபோய் அதே இடத்தில் அடுக்கியிருக்க வேண்டும். உன் அப்பனை உனக்குத் தெரியும். கல் எங்கே போய் நின்றதோ அங்கேயே கட்டிவிட்டேன். கூம்பு என்றால் கூம்பு, முகட்டில் எங்கே இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். உச்சிக்கல்லைக்கூடத் துடைத்து வைத்தேன், அழகாகத்தான் இருந்தது.

நேற்று ஜிக்மெத் எங்கள் வாசலைத் தாண்டிப் போனான். சொன்னபடியே என்னைப் பார்க்கவில்லை. காலணியில் புதுக்கயிறு கட்டியிருந்தான், நீண்ட நடைக்குத் தயாரானவன் போல. அவன் போன திசைக்கு எதிர்த்திசையில் நான் முகட்டுக்கு நடந்தேன். பழைய இடம் தெரிந்தது. அடிக்கல் வட்டமும், அதில் செருகிய வரையாட்டுக் கொம்பு ஒன்றும் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து என் கூம்புக்கு அடியெண்ணினேன். இருபது. மறுபடி எண்ணினேன், பெரிய அடியாக வைத்து, குறையுமா என்று. பதினெட்டு. அந்த முகட்டில் சூரியன் நாளொன்றுக்கு ஐந்து அடி நகரும் என்பது நம் ஊரில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும்.

இறங்கிவந்து கோபாவிடம் ஊரைக் கூட்டச் சொன்னேன். இன்று காலை கூடினார்கள். நான் ஸோமோவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். தனியாக நிற்கப் பயம்.

சொல்லி முடித்தேன். பிறகு தாஷி ரப்ஸ்தன் எழுந்தார். அவர் வயலுக்கு நாளை முறை.

"மாடு தள்ளிச்சுன்னா அது மாட்டோட செயல் இல்ல, மலையோட செயல். மலை நகர்த்தினது நகர்ந்ததுதான். போகட்டும் விடுங்க."

அங்மோவை உனக்குத் தெரியுமே, ஓடைக்கரை வீட்டு விதவை. சுழற்றிக்கொண்டிருந்த தக்களியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"தள்ளினது மாடு, சரி. அடுக்கினது யாரு? அதுவும் மாடா?"

"அதுவும் மாடுதான், ரெண்டு கால் மாடு" என்றேன் நான். சிரிப்பு வந்தது, ஆனால் முன்பு சிரித்த சிரிப்பு இல்லை.

மதியம்வரை வாக்குவாதம். நாலு நாள் தண்ணீர் விட்டால் நம் முள்ளங்கி போகும், டர்னிப் போகும் என்று ஒரு பக்கம். விடாவிட்டால் அடுத்த வருஷம் மேலூர்க்காரன் கூம்பை அவன் இஷ்டத்துக்கு நகர்த்துவான், பிறகு எந்தக் கல்லை நம்புவது என்று ஒரு பக்கம். கடைசியில் எல்லோருமாக முகடு ஏறி அடியெண்ணினார்கள். கோபா அடிக்கு இருபத்தொன்று. தாஷி ரப்ஸ்தன் அடிக்குப் பன்னிரண்டு. அவர் தாண்டிக் குதித்ததை எல்லோரும் பார்த்தோம்.

தீர்ப்பு: நாளை விடிந்ததிலிருந்து நாலு நாள், மே ஆறு மாலை வரை, ஓடை மேலூருக்கு. நீர்க்காவல் இனி அங்மோவிடம். முதுகெலும்பு போதாது, வாயும் வேண்டும் என்றார் கோபா. கூம்புக் கல் அத்தனையும் நான் ஒருவனாகவே சுமந்து பழைய வட்டத்தில் கட்ட வேண்டும், ஸோமோவைப் பக்கத்தில் கட்டிப்போட்டு, அது பார்க்க.

பதினாறு கல் ஏற்றியிருக்கிறேன். இன்னும் எண்பதாவது இருக்கும். ரோடு வேலைக்குப் போனவனை யாராவது திரும்பக் கூப்பிடுங்கள்.

தோந்துப்


புலுங்
5 மே

அபாலேவுக்கு ஜூலே.

ஜிக்மெத் பாதி வழியில் லாரிக்குக் காத்து உட்கார்ந்திருந்தாராம். வாத்தியாரின் மாணவன் ஒருவனுடைய அண்ணன் பார்த்துச் சொல்லிக் கூட்டி வந்துவிட்டான்.

மூன்றாம் தேதி அங்மோ வந்து நின்றாள், நாங்கள் மடையைத் திறந்தோம். மதியம்வரை ஒன்றும் இல்லை. பிறகு வாய்க்காலில் முதலில் காய்ந்த இலையும் ஆட்டுப் புழுக்கையும் நகர்ந்து வந்தன, தண்ணீர் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அழுக்குத் தண்ணீர், நடுவில் ஐஸ் சில்லு. மாமியார் வயலில் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நிலம் குடிக்கும்போது சின்னச் சின்னக் குமிழ் விட்டு ஒரு சத்தம் வருமே, அது கேட்டதும் எழுந்து, "சரி, உங்கப்பன் பின்பக்கத்துக்கு ஊத்தின தேநீர் வீண் போகல" என்றார்.

இன்று கடைசிக்கு முந்தின வயல்களுக்குப் பாய்கிறது. நாளை முடிந்துவிடும். மூன்று நாளில் உழுது விதைத்துவிடலாம், பத்துக்குள். குளிர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, மேகம் இல்லை. ஆனாலும் விதை மண்ணுக்குள் போய்விட்டால் அது பாடு.

தீயும் நீரும் திரும்பக் கொடுக்கலாம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். பத்தாம் தேதி இறங்கி வருகிறேன். கிழிந்த துண்டு என்னிடம்தான் இருக்கிறது. ஊசியும் கொண்டு வருகிறேன், உங்கள் வீட்டில் தேட எனக்குப் பொறுமை இல்லை. கல் சுமந்ததில் முதுகு வலிக்கிறதா?

யாங்டோல்


தோஞ்சக்
11 மே

யாங்டோலுக்கு,

நேற்றுத்தான் வந்து போனாய், இன்றைக்கு என்ன கடிதம் என்று வாத்தியார் கேட்கிறார். வழக்கமாகிவிட்டது என்று சொன்னேன்.

கோஞ்சா நன்றாக இருக்கிறது. நூல் நிறம் வேறு, அதனால் நான் போகும் இடமெல்லாம் பின்னாலிருந்து யாராவது சிரிப்பார்கள், போகட்டும். நீ தைத்துக்கொண்டிருக்கும்போது நான் விடாமல் பேசினேன். கல் எண்ணிக்கை, தொண்ணூற்று ஏழு. ஸோமோ புதுக்கூம்பைப் பார்த்த பார்வை. அங்மோ வாய்க்கால் ஓரம் நடந்தால் தவளைகூட ஒதுங்குவது. உன் அம்மாவின் ஊசிப்பெட்டி மாவு ஜாடிக்குப் பின்னால் கிடைத்தது. எல்லாம் சொன்னேன். நீ தலை நிமிராமல் தைத்தாய். வாசலில் காலணிக் கயிறு கட்டும்போது கேட்டாய்:

"வேற எதாவது சொல்லணுமா அபாலே?"

"வேற என்ன? இருட்டுறதுக்குள்ள ஏறு, காத்து எழும்புது" என்றேன்.

நீ ஓடை வளைவில் மறையும்வரை நின்றேன். பிறகு முகட்டைப் பார்த்தேன். கூம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்தேன், எழுந்தேன், அடுப்பில் சாணம் போட்டேன், மறுபடி எழுந்தேன். இப்போது எழுதுகிறேன்.

ஊர்க்கூட்டத்தில் ஸோமோவைச் சொன்னேன், என் சோம்பலைச் சொன்னேன், இருபது அடியைச் சொன்னேன். மே ஒன்றாம் தேதி முகடு ஏறிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்பதுபோல் சொன்னேன். உனக்கும் அப்படித்தான் எழுதினேன். அது அப்படி இல்லை. 24ஆம் தேதி மாலை ஸ்தூபி பக்கத்தில் நின்று எல்லோரும் "இறங்கிடுச்சு, இறங்கிடுச்சு" என்றபோதே எனக்குத் தெரியும். மறுநாள் பாறையில் உட்கார்ந்து உறைந்துகொண்டிருந்தபோதும் தெரியும். கையில் புல்கட்டியை எடுத்து மடையில் வைக்கும்போதும் தெரியும்.

கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். லோசர் பண்டிகைக்கு வருவாய், ஜிக்மெத்தோடு வந்து ஜிக்மெத்தோடு போவாய். இந்தத் தடவை நீ தனியாக இறங்கி வருவாய், அடுப்பருகே உட்காருவாய், "அபாலே, எங்களுக்குத் தண்ணி வேணும்" என்று கேட்பாய் என்று இருந்தேன். கேட்ட உடனே எழுந்து போய் எல்லாவற்றையும் சொல்லி மடையைத் திறந்துவிடுவது என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு நாளும் கெண்டியில் இரண்டு பேருக்குத் தேநீர் போட்டு வைத்திருந்தேன்.